கறுப்புக் காய் வந்தால் கவலை வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் இந்த இதழில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் தண்ணீர் டேங்க் பற்றிப் பேசினோம். இந்தக் கூட்டத்தில் சதுரங்கம். செயலாளர் என்னிடம், "சார், அரை மணி நேரம், அதற்கு மேல் போனால் மைக்கை வாங்கிக்கொள்வேன்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் கிளார்க்காக இருந்தவன் நான். சொன்ன நேரத்துக்குக் கவுன்டரை மூடத் தெரியும்.

எதற்காக இந்தப் பேச்சு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் குழந்தைகள் செஸ் ஆடுகிறார்கள் அல்லவா? அங்கே ஒரு பையன் கறுப்புக் காய் வந்தாலே, "நான் ஆடலை தாத்தா" என்று எழுந்துவிடுகிறான். வெள்ளை வந்தால் உட்காருகிறான். கேட்டால், "வெள்ளைதான் முதலில் ஆடும். கறுப்பு எப்பவும் பின்னாடியே ஓடணும்" என்கிறான். ஒன்பது வயசு. அவன் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவனுக்குச் சொல்லத்தான் இன்று வந்தேன். பெரியவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

எந்தப் போட்டிக்குப் போனாலும் பாதி ஆட்டம் கறுப்பில்தான். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நம் குகேஷ் 18 வயசில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தக் கடைசி 14-ஆவது ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது கறுப்புக் காய். அதில் ஜெயித்துத்தான் ஏழரைக்கு ஆறரை என்று முடித்தார். கறுப்பு வேண்டாம் என்று எழுந்து போயிருந்தால் பட்டம் இல்லை.

ஆரணித் திண்ணையும் ஒரு கட்டம் சிப்பாயும்

நான் சதுரங்கம் கற்றது ஆரணியில், நெசவுக்காரர் தெருவில், பெரியப்பா வீட்டுத் திண்ணையில். கல்லில் சாக்பீஸால் கட்டம் போட்டிருப்பார்கள். தறியிலிருந்து எழுந்து வருகிறவர்கள் பத்து நிமிஷம் ஆடிவிட்டுப் போவார்கள். ஆட்டம் அப்படியே இருக்கும், அடுத்த ஆள் வந்து தொடர்வார்.

அந்த ஆட்டத்தின் விதி வேறு. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே ஒரு கட்டம்தான் போகும். இப்போது மாதிரி இரண்டு கட்டம் தாண்டாது. கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டிக்கொள்ளலாம், அதுவும் அதுவரை செக் வாங்காமல் இருந்தால். இது ஆரணி மட்டும் வைத்திருந்த விதி இல்லை. இந்தியாவில் பல இடங்களில் இப்படித்தான் ஆடினார்கள்.

சிப்பாய் மெதுவாகப் போனால் என்ன ஆகும்? சண்டை உடனே வராது. முதலில் ஒவ்வொருவரும் தன் வீட்டை ஒழுங்கு செய்துகொள்வார்கள். பெரியப்பா சொல்வார், "பாவு போடாம ஊடை ஓட்ட முடியுமாடா?" என்று. முதலில் பாவு. அப்புறம்தான் கரை என்ன, பூ என்ன என்பதெல்லாம்.

பிறகு இங்கே நம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தபோதுதான் சர்வதேச விதியைப் பார்த்தேன். எதிரே இருந்தவன் முதல் நகர்விலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். நான் அதிர்ந்துபோய் பதிலுக்குத் தள்ள, அவன் தள்ள, பதினைந்து நகர்வில் தோற்றேன். ஒரு வாரம் அப்படியே தோற்றேன். அப்புறம் ஒருநாள் வெறுத்துப்போய் ஆரணிக் கணக்கில் ஒரு கட்டம், ஒரு கட்டமாக ஆடினேன். அன்று தோற்கவில்லை. டிரா.

நான் தெரியாமல் செய்ததற்குப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பெயர் இந்தியத் தடுப்பாட்டம்.

மொபசல்காரர் ஒருவர்

1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வக்கீலாக இருந்தார். பிரிட்டனின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரோடு மகேஷ் சந்திர பானர்ஜி என்கிற வங்காளத்து மொபசல்காரர் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். நாம் பஸ் ஸ்டாண்டில் சொல்கிறோமே, அதே மொபசல்தான். பட்டணத்துக்கு வெளியே இருப்பவர். காக்ரேன் எழுதி வைத்த அந்த ஆட்டங்களில் பானர்ஜி கறுப்பில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்கிறார். நடுவில் முட்டி மோதாமல், ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடுக்கில் மந்திரியை வைத்து, தூரத்திலிருந்து நடுப்பகுதியைக் குறி பார்க்கிறார். அன்றைய ஐரோப்பாவுக்கு இது விநோதம். நம் நாட்டுப் பழக்கம் என்பதால்தான் இந்த வகைக்கே இந்தியத் தடுப்பாட்டம் என்று பெயர் வந்தது.

இதே மெதுவான பழக்கத்தோடு 1929-இல் பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போனவர் சுல்தான் கான். 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே ஜெயித்தவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-இல், அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து.

ஐந்து நகர்வில் ஒரு வீடு

இப்போது போர்டைப் பாருங்கள். வீட்டில் படிப்பவர்கள் ஒரு போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. நான் பிஷப்பை மந்திரி என்றுதான் சொல்வேன்.

கறுப்புக்கு ஐந்து வேலை. ராஜா பக்கத்துக் குதிரை எஃப்6-க்கு. ஜி சிப்பாய் ஒரு கட்டம், ஜி6. அந்த இடுக்கில் மந்திரி ஜி7-க்கு. அப்புறம் கேஸ்லிங். டி சிப்பாய் ஒரு கட்டம், டி6. அவ்வளவுதான். பாவு போட்டாயிற்று. இதற்கு 'கிங்ஸ் இந்தியன்' என்று பெயர்.

இதன் பெரிய சௌகரியம், வெள்ளை எப்படி ஆரம்பித்தாலும் கிட்டத்தட்ட இதே வீட்டைக் கட்டலாம். வெள்ளை ராணி முன் சிப்பாயைத் தள்ளினாலும் சரி, சி சிப்பாயைத் தள்ளினாலும் சரி, குதிரையை எடுத்தாலும் சரி. வெள்ளை இ4 என்று ராஜா முன் சிப்பாயைத் தள்ளினால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். முதலில் டி6, அப்புறம் குதிரை. இல்லாவிட்டால் அந்தச் சிப்பாய் இ5-க்கு வந்து உங்கள் குதிரையை விரட்டும். இந்த வரிசையில் ஆடுவதற்கு ஸ்லோவேனியாக்காரர் பிர்ச் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் வேறு, வீடு அதேதான்.

பேங்க் பாஷையில் சொல்கிறேன். சிப்பாய் பின்னால் வராது. நடுச் சிப்பாயை முதலிலேயே இரண்டு கட்டம் தள்ளுவது பணத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுகிற மாதிரி, அதுவும் முதிர்வுக்கு முன் எடுக்க முடியாத டெபாசிட். இந்தியத் தடுப்பாட்டம் சேவிங்ஸ் அக்கவுண்ட். பணம் கையில் இருக்கிறது. எதில் போடுவது என்று எதிரி என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆனால் சேவிங்ஸ் அக்கவுண்டிலேயே கிடந்தால் வட்டி என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் பார்த்த வரை இங்கே ஆடுகிற குழந்தைகள் தோற்பது இந்த இடத்தில்தான். ஐந்து நகர்வும் அழகாக வைக்கிறார்கள். அப்புறம் ஓரத்துச் சிப்பாயை இப்படி ஒன்று, அப்படி ஒன்று தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்கு நடுப்பகுதி முழுவதையும் கொடுத்துவிட்டீர்கள். அதைத் திரும்பக் கேட்கும் நாள் ஒன்று வேண்டாமா?

திருப்பிக் கேட்க மூன்று வழி

முதல் வழி இ5. இது நேருக்கு நேர். டி6 சிப்பாயின் துணையோடு இ சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளையின் டி4 சிப்பாயை மோதுங்கள். வெள்ளை பெரும்பாலும் டி5 என்று தாண்டிப் போய் நடுவை அடைத்துவிடும். அப்போது போர்டு இரண்டாகப் பிரியும். வெள்ளைக்கு ராணி பக்கம் இடம் அதிகம், அங்கே சி5 என்று வரும். உங்கள் டி6, இ5 சிப்பாய்கள் ராஜா பக்கம் சாய்ந்து நிற்கின்றன, ஆகவே உங்கள் வேலை அங்கே. எஃப்6 குதிரையைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டு, எஃப்5. அப்புறம் எஃப்4, ஜி5, ஜி4 என்று வெள்ளை ராஜாவின் வீட்டு வாசலுக்கு. இது ஓட்டப் பந்தயம். அவர் அந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வருவார், நீங்கள் இந்தப் பக்கம். ஆனால் உங்கள் பந்தயத்தின் முடிவில் இருப்பது ராஜா. 1953-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா போட்டியில் கிளிகோரிச் இப்படித்தான் நஜ்டார்ஃபைத் தோற்கடித்தார். அந்த ஊர்ப் பெயரே இந்த வழிக்கு நின்றுவிட்டது.

இரண்டாவது வழி சி5. இது பக்கவாட்டு இடி. வெள்ளையின் டி4 சிப்பாய் முன்னே போனாலும், வெட்டினாலும், ஜி7 மந்திரிக்கு எதிர் மூலை வரை பாதை திறக்கும். அப்புறம் ஏ6, பி5 என்று ராணி பக்கம் தள்ளுங்கள். வெள்ளை சி, டி, இ, எஃப் என்று நான்கு சிப்பாய்களையும் முன்னே கொண்டுவந்து மிரட்டினால் பயப்படாதீர்கள். முன்னே போன சிப்பாய்களுக்குப் பின்னால் காலி இடம். அங்கே சி5 நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது வழி சி6, பி5. இது வெள்ளை இ4-இல் ஆரம்பித்து, சி சிப்பாயைத் தள்ளாமல், ராணி பக்கம் கேஸ்லிங் செய்யப் போகிறது என்று தெரியும்போது. மந்திரியை இ3-இலும் ராணியை டி2-இலும் வைத்து, ஹெச் சிப்பாயை ஓட்டப் பார்ப்பார்கள். மந்திரியை ஹெச்6-க்குக் கொண்டுவந்து உங்கள் ஜி7 மந்திரியை மாற்றிக்கொள்வதுதான் எண்ணம். அந்த மந்திரி போனால் உங்கள் ராஜாவைச் சுற்றிக் கறுப்புக் கட்டங்களெல்லாம் ஓட்டை. இப்படி வருகிறது என்று தெரிந்தால் கேஸ்லிங்கை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ராஜா இன்னும் எங்கே போவது என்று சொல்லாமல் இருக்கட்டும். நீங்கள் பி5 என்று அவர் ராஜா போகப்போகும் பக்கத்தில் முதலில் தட்டுங்கள்.

மூன்றுக்கும் பொதுவாக இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இந்த ஆட்டத்தில் உங்களுக்கு இடம் குறைவு. ஒரு பெட்ரூம் வீட்டில் நான்கு கட்டில் போட்ட மாதிரி இருக்கும். ஒரு குதிரையையோ மந்திரியையோ மாற்றிக்கொண்டால் மூச்சு விடலாம். ஆனால் ஜி7 மந்திரியைச் சும்மா மாற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு, எந்த வழியை எடுத்தாலும் எதிரி ராஜா பக்கம் தாக்க வரும்போது நடுவில் தட்டுங்கள். வாசலில் சண்டை என்றால் எல்லோரும் வாசலுக்கே ஓட வேண்டியதில்லை.

இரண்டு ஆட்டங்கள்

வாய்ப்பேச்சு போதும். உண்மையில் நடந்த இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் கறுப்பு இதே வீட்டைத்தான் கட்டியது.

முதலாவது 1855, கல்கத்தா. காக்ரேன் வெள்ளை, பானர்ஜி கறுப்பு. பானர்ஜி குதிரை எஃப்6, ஜி6 என்று ஆரம்பித்து, மூன்றாவது நகர்விலேயே டி5 என்று நடுவில் தட்டினார். இந்த டி5 அடிக்கு இன்று ஆஸ்திரியாக்காரர் குருன்ஃபெல்ட் பெயர் இருக்கிறது. அவர் ஆடியது 1922-இல். நம் மொபசல்காரர் அதற்கு 67 வருஷம் முன்பே ஆடிவிட்டார். எட்டாவது நகர்வில் சி5-உம் தட்டினார். அதுவரை பிரமாதம்.

அப்புறம் என்ன ஆயிற்று? 13-ஆவது நகர்வில் ராணி ஏ5-க்குப் போயிற்று. 14-இல் எஃப்8 யானை இ8-க்கு நகர்ந்தது. எஃப்7 சிப்பாய்க்கு அதுவரை இருந்த காவல் போய் ராஜா மட்டும் காவல். காக்ரேன் யானையால் விரட்ட, 15-இல் ராணி பி6. மறுபடி விரட்ட, 16-இல் ராணி புறப்பட்ட இடத்துக்கே, டி8-க்கு. மூன்று நகர்வில் ராணி ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தது. அதற்குள் வெள்ளைக் குதிரை ஜி5-இல். அடுத்து அது எஃப்7 சிப்பாயை வெட்டியது. பானர்ஜி குதிரையை ஏ5-க்கு ஆடி வெள்ளை ராணியைத் தாக்கினார். அவர் ராணியைப் பார்த்தார், காக்ரேன் ராஜாவைப் பார்த்தார். மூன்றே நகர்வில் மாட். வெள்ளை தன் ராணியையே பலி கொடுத்து, கறுப்பு ராஜாவை அதன் சொந்தக் காய்களே சூழ்ந்து நிற்க, ஒரு குதிரையால் முடித்தது.

இரண்டாவது ஆட்டம் 1956, நியூயார்க். பாபி ஃபிஷருக்கு 13 வயசு. கறுப்பு. எதிரே டொனால்ட் பைர்ன், பெரிய ஆட்டக்காரர். ஃபிஷரின் முதல் நான்கு நகர்வு: குதிரை எஃப்6, ஜி6, மந்திரி ஜி7, கேஸ்லிங். நான் சொன்ன அதே வரிசை. டி சிப்பாய் இன்னும் நகரவில்லை, ஆறா ஐந்தா என்று முடிவு சொல்லாமல் இருக்கிறது. வெள்ளை மந்திரி எஃப்4-க்கு வந்ததும், ஐந்தாவது நகர்வில் டி5 என்று தட்டினார். அதிலிருந்து அவர் கை ஓயவில்லை. 17-ஆவது நகர்வில் தன் ராணியையே விட்டுக்கொடுத்து, 41-ஆவது நகர்வில் மாட். அந்த ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

வீடு ஒன்றுதான். ஒருவர் தோற்றார், ஒருவர் ஜெயித்தார். பானர்ஜி திறமை குறைந்தவர் என்று நான் சொல்லவில்லை, வழி காட்டியவரே அவர்தான். நடுவில் ஒரு நாலு நகர்வு, எதற்காக நகர்த்துகிறோம் என்பது தெரியாமல் போயிற்று. அவ்வளவுதான். அந்த நாலு நகர்வு போதும்.

என் கணக்கு

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் சர்வீஸில் ஆபீசர் பதவி உயர்வுப் பரீட்சை வரும். பாஸ் செய்தால் வெளியூர் மாற்றல். முதல் வருஷம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அது சரியான காரணம். அடுத்த வருஷம், மகள் பத்தாவது. அதுவும் சரியான காரணம். அதற்கடுத்த வருஷங்களுக்கு என்ன காரணம் என்று இன்று யோசித்தால் எனக்கே ஞாபகம் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. வீட்டில் அவர்கள், "போய்ட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றுதான் சொன்னார்கள். நான் பொறுமைசாலி என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டில் பதினோரு வருஷம் போயிற்று. கிளார்க்காகவே ரிட்டயர் ஆனேன்.

குறை சொல்லவில்லை. செய்யாரை விட்டுப் போகாததால் அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டேன். ஆனால் நான் முடிவு செய்து இங்கே இருக்கவில்லை, முடிவு செய்யாமல் இருந்துவிட்டேன். ரெண்டுக்கும் பேரேட்டில் ஒரே தொகைதான் வரும். உள்ளே ஆடிட் செய்தால் வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஐந்து நகர்வு முடிந்ததும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, "இ5-ஆ, சி5-ஆ, பி5-ஆ?" என்று மனசுக்குள் கேட்க வேண்டும். இப்போதே தட்ட வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆடுகிற ஒவ்வொரு நகர்வும் அந்த ஒன்றுக்குத் தயார் செய்வதாக இருக்க வேண்டும்.

கடைசியாக

1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மேனுவல் ஆரோன் நம் தமிழ்நாட்டுக்காரர். 1972-இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் ஆரம்பித்தார்கள். ஆனந்த் சின்ன வயசில் ஆடிப் பழகிய இடம் அது. அங்கே இருந்ததும் மேஜை, போர்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் நாலு பேர்தான். 2022-இல் உலகமே மாமல்லபுரத்துக்கு ஒலிம்பியாட் ஆட வந்தது. வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யை நம் குழந்தைகள் இன்னும் மறக்கவில்லை.

நம் சங்க அறையில் மேஜை இருக்கிறது. ஆறு போர்டு இருக்கிறது. ஞாயிறு மாலை ஐந்து மணி. லிஃப்ட் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நான் இருப்பேன். பெரியவர்களும் வாருங்கள். தோற்றால் யாரும் வாட்ஸ்அப் குரூப்பில் போட மாட்டோம்.

அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை. அதோ, தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணா, வெள்ளை முதலில் ஆடுகிறது, உண்மை. அதனால் தன் மனசில் இருப்பதை முதலில் காட்டுவதும் வெள்ளைதான். நீ பார்த்துக்கொண்டே வீட்டைக் கட்டு. கட்டி முடித்ததும் தட்டு. நாளைக்கு உனக்குக் கறுப்பு, எனக்கு வெள்ளை. நான் இ4 ஆடுவேன். முதலில் எதை நகர்த்த வேண்டும் என்று இன்று ராத்திரி யோசித்துக்கொண்டு வா.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கவுன்டரை மூடுகிறேன்.